ஆயுசுக்கும் இருக்கும்

என் கைபேசியில் சங்கர் என்ற பெயர் மின்னும்போதெல்லாம் உடனே எடுக்க எனக்குக் கை வராது. பெயரோடு அவன் படமும் வரும். ஒற்றைத் தோளில் பையை மாட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான். அவன் இறந்து மாதக்கணக்காகியிருந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தால் அவன் அப்பா அண்ணாச்சியின் குரல் கேட்கும்.

“தாயி, வேன் வந்துட்டா? நமக்கு எதும் பார்சல் வந்துருக்கா?”

மகனுடைய எண்ணை அவர் அணைய விடவில்லை. தவறாமல் ரீசார்ஜ் செய்து, சார்ஜ் போட்டு, அந்தப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான் அந்த எண்ணுக்கு வேறு பெயர் போட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் மாற்றப் போய், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். இப்போது அண்ணாச்சியும் இல்லை. பெயர் மின்னுவதும் நின்றுவிட்டது. ஆனாலும் மத்தியானம் பார்சல் வேன் வந்து நிற்கிற நேரத்தில் என் கண் தானாகப் போன் பக்கம் போகிறது.

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் கூரியர் ஆபீஸ் வைத்திருப்பவள் நான். ஊரில் எல்லோரும் பார்சல் வாங்க வருவார்கள். அண்ணாச்சி மட்டும் திருப்பி அனுப்ப வருவார். அதனால் ‘ரிட்டன் அண்ணாச்சி’ என்று அவருக்குப் பெயர் வைத்தேன். ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, அவர் முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவேன்.

“ரிட்டன் பண்ணாம பின்ன? ஓட்டைச் சாமானை வீட்டுல வச்சு பூசை பண்ணச் சொல்லுதியா?” என்பார்.

எல்லாம் அவர் பார்த்த வேலை செய்த வேலை. எங்கள் ஊர்த் தறிகளில் நெய்து வருகிற சேலைகளை மொத்தமாக வாங்கும் ஜவுளிக்காரர் ஒருவரிடம், சேலையில் குறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பவராக இருந்தார். சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் தடவிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் விரல் நிற்கும். “இங்கன இழை விட்டுருக்கு. கொண்டு போயிரு” என்பார். அதற்கு மேல் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் நடக்காது. அந்த விரலை அவர் வீட்டுக்கும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அதுதான் சங்கடம்.

ஒரு தடவை கோயிலில் உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது. நாமாக இருந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு வேறு வாங்குவோம். இவர் இரண்டு மூடியையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். “சாமிக்கு உடைச்சதைத் திருப்பிக் குடுக்கலாமா அண்ணாச்சி?” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “சாமியே வேண்டாம்னுட்டாருல்லா” என்றாராம். நல்ல தேங்காயோடுதான் திரும்பினார். தீராத நோய்க்கெல்லாம் மருந்து என்று ஊர் ஊராக வந்து வாங்கிப் போகிற எங்கள் கோயில் புற்றுமண்ணையே வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “போன மட்டம் இதை விட நைசா இருந்துச்சே” என்று சொன்ன மனுசன். மண்ணைத் திருப்பிக் கொடுக்காமல் வந்தாரே, அதுவரைக்கும் நல்லது.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வீடுதான். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியிடம் இதைச் சொல்லிச் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். “என்னைய மட்டுந்தான்ட்டி அவிய ரிட்டன் பண்ணலை. எங்க அய்யா திருப்பி வாங்க மாட்டாவன்னு தெரியும்லா.”

சங்கர் சின்னப் பையனாக இருந்தபோது ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து போயிருந்தோம். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு வாங்கிக் கொடுத்த பலூன் வெடித்துவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுதான். அண்ணாச்சி கீழே குனிந்து, அத்தனை கால்களுக்கு நடுவில் கையை விட்டு, கிழிந்த ரப்பரைத் தேடி எடுத்தார். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பலூன்காரனைத் தேடிப் பிடித்தார்.

“அண்ணாச்சி, பலூன்னா வெடிக்கத்தான செய்யும்?” என்றான் அவன்.

“வாங்குன கையோட வெடிக்குமா வே? ஊதும்போதே உமக்குத் தெரியாது?”

பேசிப் பேசியே வேறு பலூன் வாங்கிவிட்டார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: “வெடிச்சா வேற குடுப்பாவளாப்பா?”

“குடுப்பாவ. கேக்கத் தெரியணும்.”

அதை அந்தப் பிள்ளை வேதவாக்காக எடுத்துக்கொண்டான் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

வளர்ந்து, படித்து, பெங்களூரில் வேலைக்குப் போனான். ஒரு பொங்கலுக்கு வந்தபோது முதுகில் கறுப்பாக ஒரு பை. அப்பாவும் மகனும் ஏதோ வேலையாக என் ஆபீஸுக்கு வந்தார்கள். அங்கே வைத்துத்தான் விலையைச் சொன்னான். அண்ணாச்சி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏலே, ஒரு பேக்குக்கா இம்புட்டு? உள்ள சாமானும் சேத்துக் குடுத்தானா?”

“இது ஆயுசுக்கும் இருக்கும்ப்பா. லைஃப்டைம் வாரண்டி. கிழிஞ்சா கம்பெனிக்காரன் புதுசு குடுத்துருவான்.”

“எவன்லே குடுப்பான்? விக்குத மட்டுக்கும் பல்லைக் காட்டுவான். பொறவு போனையே எடுக்க மாட்டான்.”

பையை வாங்கிப் புரட்டினார். விரல் போயிற்று. இடது பட்டை பையோடு சேரும் இடத்தில் நின்றது. “இங்கன தாங்காது. நீ வேற ஒத்தைத் தோள்லல்லா மாட்டுதே” என்றார். சங்கர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “அத்தை, எங்கப்பா ஒரு நாள் என்னையவே வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு ரிட்டன் பண்ணிருவாரு.” மூன்று பேரும் சிரித்தோம்.

தீபாவளிக்கு அவன் வந்தபோது, அவர் சொன்ன அதே இடத்தில் பட்டை பிய்ந்து நூல் தொங்கியது. ஜிப்பு மூடினால் பின்னாலேயே வாயைப் பிளந்தது. உள்ளே பூசியிருந்த பூச்சு உரிந்து, கையை விட்டு எடுத்தால் விரலெல்லாம் பொடியும் பிசுபிசுப்புமாக இருந்தது. மதினி அவன் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உள்பையில் புற்றுமண் பொட்டலம் ஒன்று வைப்பாள். அதுவும் அவிழ்ந்து அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டிக் கிடந்தது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய பை ஒரு வருசம் தாங்கவில்லை. அண்ணாச்சிக்குத் தாளாத சந்தோசம். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

“அனுப்புதேன்ப்பா, குடுப்பான் பாருங்க” என்றான் சங்கர். வேலை நெருக்கடியில் அனுப்பவே இல்லை. அண்ணாச்சி விடுவாரா? போன் பண்ணும்போதெல்லாம் அதே கேள்வி. கடைசியாக அவர் மகனோடு பேசியதும் அதுதான். பிறகு ஒரு நாள் என்னிடம் அதை அப்படியே சொன்னார்.

“காய்ச்சலாருக்குப்பான்னான் தாயி. மாத்திரையைப் போட்டுட்டுப் படு, பேக்கை அனுப்பிட்டியான்னு கேட்டேன். நாளைக்கு அனுப்புதேன்னான்.”

அந்தக் காய்ச்சலிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை. கூடத் தங்கியிருந்த பையன்கள் அவனையும் கொண்டுவந்தார்கள், அந்தப் பையையும் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச காலம் அவரைத் தெருவிலேயே பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு காலையில் சங்கரின் போனோடு வந்து என் கவுண்டர் முன்னால் உட்கார்ந்தார். கம்பெனிக்குப் பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் பேசினாள்.

“வணக்கம், மிஸ்டர்...” என்று அவள் சொன்ன பெயர் அண்ணாச்சியின் பெயர். எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

யோசித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இந்தக் கம்பெனிகளில் பதிவு செய்யும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரில் முதல் எழுத்து ஒன்றுதான். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகர விடாது. ஆகவே நம் பிள்ளைகள் தங்கள் பெயரை முன்னால் போட்டு, அந்தக் கடைசிக் கட்டத்தில் அப்பாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களுக்கோ கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. மகன் வாங்கிய பைக்கு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் அவள்.

“ஆமா, நாந்தான் பேசுதேன்” என்றார் அண்ணாச்சி.

கம்பெனி முறை இதுதான்: பழைய பையை அனுப்ப வேண்டும், அவர்கள் பார்ப்பார்கள், தவறு அவர்கள் பக்கம் என்றால் புதுசு தருவார்கள். பழையது திரும்பி வராது. போனை வைத்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். “பொய் ஒண்ணும் சொல்லலையே தாயி? என் பேரைக் கேட்டா. ஆமான்னேன்.”

“பொய்யில்ல அண்ணாச்சி” என்றேன்.

அன்று சாயங்காலமே மதினி வந்துவிட்டாள். தலைகூட வாரவில்லை. “ஏட்டி, அவிய அந்தப் பேக்கைக் கொண்டாந்தா வாங்காத. உனக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பட்டையில எம்புள்ள வேர்வை இருக்குட்டி. துணிமணியெல்லாம் துவைச்சுட்டாளுவ, கூறுகெட்டவளுவ. இது ஒண்ணுதான் துவைக்காமக் கெடக்கு.”

மறுநாள் அவர் பையோடு வந்தபோது நான் எதையும் மறைக்கவில்லை. மதினி வந்ததையும் அழுததையும் சொன்னேன். “வேண்டாம் அண்ணாச்சி. இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்குப் புதுப் பை எதுக்கு?” என்றேன்.

அவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். குரல் உயரவே இல்லை.

“எனக்குப் பேக்கு எதுக்கு தாயி? கம்பெனிக்காரன் குடுப்பான்னு அவன் சொன்னான். குடுக்க மாட்டான்னு நான் சொன்னேன். கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். இதுலயாவது நான் தோத்து, அவன் செயிக்கட்டும். அவ பேக்கைக் கேக்கா. நான் அவன் சொன்ன சொல்லைக் கேக்கேன்.”

நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். அவரே பையைக் காலி செய்தார். உள்பையில் ஒட்டியிருந்த புற்றுமண் மட்டும் வரவில்லை. நகத்தால் சுரண்டினார். உரிந்த பூச்சும் மண்ணும் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. கொஞ்சம் நகத்துக்குள் ஏறியது. மீதி பையோடு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் என் போனில் சங்கர் மின்ன ஆரம்பித்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து கூப்பிட்டால்கூட அந்த எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார். ஒரு தடவை எடுத்த வேகத்தில் “சொல்லு சங்கர்” என்றுவிட்டேன். “இன்னொரு மட்டம் அப்படிக் கூப்பிடு தாயி” என்றார்.

பார்சல் வந்தது. மேலே சங்கர் பெயரும் அவர் பெயரும் சேர்த்து அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. கொடுப்பதற்கு ஓடிபி வேண்டும். சங்கரின் போனுக்கு வந்த எண்களை அண்ணாச்சி எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை போல ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. மகன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“குடுத்துட்டான் பாத்தியா! அவன் சொன்னாம்லா! கேட்டா குடுப்பாவ தாயி, கேக்கத் தெரியணும்!” வாசலில் போன ஆட்டோக்காரரிடம்கூடச் சொன்னார்.

பிரித்தார். அதே கறுப்பு, அதே அளவு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் தடவினார். இடது பட்டையில் விரல் நிற்காமல் போய்விட்டது. ஜிப்பைத் திறந்து உள்பைக்குள் கையை விட்டார். விட்ட கை வெகுநேரம் உள்ளேயே இருந்தது. வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. மூக்குக்குக் கொண்டுபோனார். கடை வாடை. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“தாயி, அந்தக் கம்பெனிப் பிள்ளைக்குப் போன் போடு. இதை ரிட்டன் எடுத்துக்கிடச் சொல்லு. பழசைத் தரட்டும். கிழிஞ்சாப்லயே தரட்டும்.”

போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். திரும்பி வந்த பைகளை வைத்திருப்பதில்லை, அழித்துவிடுவார்கள், அதுவும் அழிக்கப்பட்டுவிட்டது. அண்ணாச்சி “எப்படி அழிப்பிய?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர் மனம் குளிரட்டும் என்று நினைத்தாள் போல.

“நீங்க கவலையே பட வேண்டாம் சார். இந்தப் புது பேக்குக்கும் லைஃப்டைம் வாரண்டி உண்டு.”

“அப்படின்னா?”

“ஆயுள் முழுக்க சார்.”

“யாரு ஆயுசு?”

அவள் சிரித்தாள். “உங்க ஆயுசுதான் சார்.”

அண்ணாச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ‘ஆயுசுக்கும் இருக்கும்’ என்று மகன் சொன்ன அன்றைக்கு, யார் ஆயுசுக்கு என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. மதினி அந்தப் பையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். அதன் பிறகு அவர் எதையும் ரிட்டன் செய்ய என்னிடம் வந்ததில்லை.

ஆனால் அந்தப் பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சங்கர் மாட்டுவது போல இடது தோளில் மட்டும். உள்ளே தறி நூல் சுற்றிய கோன்களாக அடைத்து, செங்கல் வைத்தது போல கனம். வேலைக்குப் போனாலும் அதோடுதான், ரதவீதியில் நடந்தாலும் அதோடுதான். “அண்ணாச்சி, எந்த ஊருக்குப் பயணம்?” என்று கிண்டல் பண்ணியவர்கள்கூட கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நான் ஒரு நாள் பிடித்து நிறுத்திக் கேட்டேன், எதற்கு இந்தச் சுமை என்று.

“கிழியணும் தாயி. அவனோடது கிழிஞ்ச அதே எடத்துல கிழியணும். கிழிஞ்சுட்டுன்னா அது அவன் பேக்குதான? அவ மடியில கொண்டு வச்சிருவேன்.”

வாழ்நாளெல்லாம் குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர், ஒரு குறை விழட்டும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மதினி வந்து என்னிடம் சொல்லி அழுதாள். “தோளெல்லாம் கன்றிப் போயிக் கெடக்குட்டி. எண்ணெய் தடவ விட மாட்டேங்காவ. பேக்கைக் குடுத்தது பத்தாதுன்னு தோளையும் குடுக்காவ. நீ சொன்னாக் கேப்பாவ. சொல்லேன்.” சொன்னேன். கேட்கவில்லை.

கடைசியாக அவர் என் ஆபீஸுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆள் பாதியாகியிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். படியேறி வந்து பையைக் கவுண்டரில் வைத்தார். உள்ளே கோன்கள் இடித்துக்கொண்டன.

“தாயி, என் கண்ணு முன்ன மாதிரி இல்ல. விரலும் மரத்துப்போச்சு. நீ பாரு. இடது பட்டையில எங்கயாவது தையல் விட்டுருக்கா?”

வாசல் வெளிச்சத்தில் பிடித்து, அவர் செய்வது போலவே விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் தொங்காதா என்று நானும் ஆசைப்பட்டேன். கோமதி அம்மனை நினைத்துக்கொண்டுகூடப் பார்த்தேன். தையல் இரும்பாக இருந்தது. பார்சலில் வந்த அன்று போலவே இருந்தது.

“இல்ல அண்ணாச்சி. அப்படியே இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன் அண்ணாச்சி.”

தலையை ஆட்டிக்கொண்டார். நான் தடுக்கத் தடுக்கப் பையை எடுத்து அதே தோளில் மாட்டினார். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அவன் சொன்னதுதான் சரி தாயி. இது ஆயுசுக்கும் இருக்கும்.”

சொல்லிவிட்டு, ஒரு கையால் பட்டையைப் பிடித்தபடி படியில் இறங்கிப் போனார்.